சப் சென்டரில் தனியாக ஒரு வருடம்: பிரஷர், சுகர், காய்ச்சலில் நான் தவறவிட்டவை

வார்டில் ஆறு வருடம் வேலை பார்த்துவிட்டு எம்.எல்.எச்.பி-யாக, அதாவது டாக்டர் இல்லாத இடத்தில் முதல் சிகிச்சை பார்க்கும் நர்ஸாக, சப் சென்டர் என்கிற துணை சுகாதார நிலையத்துக்கு வந்தவள் நான். வார்டில் ஒருவருக்கு மூச்சு வாங்கினால் கூப்பிட்ட குரலுக்கு டியூட்டி டாக்டர் வந்து நிற்பார். இங்கே முதல் நாள் காலை ஒன்பது மணிக்கு வெளியே பெஞ்சில் இருபத்திரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். வி.எச்.என் (கிராம சுகாதாரச் செவிலியர்) அக்கா தடுப்பூசிக்காகப் பக்கத்து ஊருக்குப் போய்விட்டார். டாக்டர் பதினொரு கிலோமீட்டர் தள்ளி பி.எச்.சி என்ற ஆரம்ப சுகாதார நிலையத்தில். மேஜை மேல் ஒரு பிபி மெஷின், ஒரு குளுக்கோமீட்டர், ஒரு தெர்மாமீட்டர், மாத்திரை டப்பாக்கள். அன்று ராத்திரி படுத்தபடி ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தேன், யாரையாவது தப்பாகத் திருப்பி அனுப்பிவிட்டோமோ என்று. அந்தப் பயம் ஒரு வருடம் போகவில்லை. செய்த பிழைகளைப் பின்னால் நோட்டில் எழுதிப் பார்த்தபோது, மருந்து தெரியாமல் செய்தவை குறைவாகவே இருந்தன. சரியாக அளக்கவில்லை, துணியை விலக்கிப் பார்க்கவில்லை, நிதானமாக எண்ணவில்லை, திரும்பக் கூப்பிடவில்லை. பெரும்பாலும் இந்த நாலில் ஒன்றுதான். முதல் வாரமே யாராவது சொல்லியிருந்தால் சிலருடைய பணமும் வலியும் மிச்சமாகியிருக்கும். புதிதாக ஒரு சென்டரில் தனியாக உட்காரப் போகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பிரஷர். மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியதிலிருந்து, எங்களிடம் வருகிறவர்களில் பிரஷரும் சுகரும் உள்ளவர்களே அதிகம். மாத்திரையைத் தன்னார்வலர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். அது வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டியது நாம். எங்கள் ஊரில் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிற ஓர் அம்மா, ஐம்பத்து நாலு வயது, நல்ல உடல்வாகு. மாதாமாதம் 156, 158, 160 என்றே காட்டியது. அம்லோடிபின் 5 மில்லிகிராம் 10 ஆனது, அப்புறம் இன்னொரு மாத்திரையும் சேர்ந்தது. "மாத்திரைய போட்டா தல சுத்துது நர்சம்மா, காலும் வீங்குது" என்று அவர் சொன்னபோதெல்லாம், பிரஷர் இவ்வளவு இருக்கும்போது நிறுத்தக் கூடாதம்மா என்று சொல்லி அனுப்பினேன். நாலு மாதம் இப்படிப் போனது. முகாமுக்கு வந்த ஒரு மருத்துவர் அவர் கையைப் பார்த்துவிட்டு, "எந்த கஃப் சிஸ்டர் கட்டுறீங்க?" என்று கேட்டார். கஃப் என்பது பிபி மெஷினில் கையைச் சுற்றிக் கட்டுகிற பட்டை; என்னிடம் இருந்ததே ஒன்றுதான். அவருடைய பெரிய கஃப்பைக் கட்டி, ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரவைத்து, கையை மேஜை மேல் வைத்து எடுத்தார். 134/82. எனக்கு உடம்பு கூசிப்போனது. இல்லாத கூடுதல் பிரஷருக்கு அந்த அம்மா நாலு மாதம் தலைசுற்றலோடு பால் கேனைத் தூக்கியிருக்கிறார்.

தப்பு கஃப்பில் மட்டும் இல்லை. பல சின்னத் தப்புகள் ஒன்றாகச் சேர்ந்து இருபது, இருபத்தைந்து பாயிண்ட் ஆகியிருந்தன. கையின் சுற்றளவுக்குச் சின்னதாக கஃப் கட்டினால் அளவு கூடக் காட்டும். மெஷினோடு வருகிற சாதாரண கஃப் பொதுவாக 22 முதல் 32 சென்டிமீட்டர் வரைக்கும்தான். அதற்கு மேல் 42 வரை பெரிய கஃப் வேண்டும். உள்ளே காற்று நிரம்புகிற பை, கைச்சுற்றில் எண்பது சதவீதமாவது சுற்றிவர வேண்டும். தையல்காரர் டேப் ஒன்று வாங்கி, தோள் எலும்பின் நுனிக்கும் முழங்கைக்கும் நடுவில் சுற்றளவை எடுத்து, ரிஜிஸ்டரில் அவர் பெயருக்குப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். ஒருதடவை எடுத்தால் போதும். கை தொங்கிக்கொண்டிருந்தால், இதயத்துக்குக் கீழே ஒவ்வொரு 10 சென்டிமீட்டருக்கும் ஏறக்குறைய 8 பாயிண்ட் கூடும். அளக்கும்போது பேசினாலும், சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தாலும், கால்மேல் கால் போட்டாலும் கூடும். டீ, காபி, பீடி, வெற்றிலைப் புகையிலை முடித்து அரைமணி ஆகியிருக்க வேண்டும். பெண்களிடம் ஒரு சிக்கல் உண்டு, இதை எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லவில்லை. ரவிக்கைக் கை இறுக்கமாக இருக்கும். அதை மேலே சுருட்டிவிட்டுக் கட்டினால் சுருட்டிய துணியே கையை இறுக்கி அளவைக் கெடுக்கும். துணிமேலேயே கட்டுவதும் சரியில்லை. ஒரு திரைச்சீலை கட்டி, ஒரு துண்டைப் போர்த்தி, கையை வெளியே எடுக்கச் சொல்வதுதான் வழி. நான் பழைய சேலை ஒன்றைக் கம்பியில் தொங்கவிட்டேன். அதற்கப்புறம் யாரும் சங்கடப்படவில்லை.

கட்டிய கஃப்பின் கீழ் ஓரம் முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே இருக்கட்டும். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பதிந்து, ஐந்து நிமிடம் சும்மா இருக்கட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை எடுத்து சராசரி எழுதுங்கள். இரண்டுக்கும் நடுவில் 10-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் மூன்றாவதும் எடுங்கள். முதல் வருகையில் இரண்டு கையிலும் பார்த்து, எதில் கூடுதலோ அடுத்த மாதங்களிலும் அந்தக் கையிலேயே பாருங்கள். நாடி தாறுமாறாக அடிக்கிறவர்களிடம் தானியங்கி மெஷினை நம்ப வேண்டாம். கையால் பம்ப் அடித்து ஸ்டெதஸ்கோப்பில் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். அவரை ஈசிஜி-க்கும் அனுப்ப வேண்டும். பெரிய கஃப்புக்கு என் கைக்காசு 700 ரூபாய் போனது. என் ரிஜிஸ்டரில் கைச்சுற்று 32-க்கு மேல் 41 பேர். அத்தனை பேரையும் மறுபடி அளந்து, மாறியவர்களை டாக்டரிடம் காட்டி மாத்திரையைத் திருத்த மூன்று வாரச் சாயங்காலங்கள் போயின. இதில் ஒரு எச்சரிக்கை: அளவு குறைவாக வந்துவிட்டது என்று மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது. அட்டெனலால் போன்றவற்றைச் சட்டென்று நிறுத்தினால் பிரஷர் துள்ளி எழும், நெஞ்சுவலியும் வரலாம்.

140/90-க்கு மேல் ஒரே ஒரு நாள் காட்டினால் அவருக்கு வியாதி என்று முத்திரை குத்த வேண்டாம்; வேறொரு நாள் மறுபடி பார்த்து உறுதி செய்ய வேண்டும். 180/110-க்கு மேல் என்றால் அன்றைக்கே டாக்டர் பார்க்க வேண்டும். அதோடு நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பார்வை மங்கல், ஒரு பக்கம் கைகால் தளர்வு, குழப்பம் எது இருந்தாலும் 108-ஐக் கூப்பிட வேண்டும். எந்தக் குறியும் இல்லாமல் நம்பர் மட்டும் கூடியிருந்தால் பதறி நிஃபெடிபின் கேப்ஸ்யூலை ஓட்டை போட்டு நாக்குக்கடியில் விடுகிற பழைய பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். பிரஷர் திடீரென்று விழுந்து பக்கவாதமோ மாரடைப்போ வரலாம்.

இன்னொரு பிழை இதற்கு நேர்மாறானது. சிலருக்கு மூன்று மாதமாக 150-க்கு மேல் இருந்தும் "அதே மாத்திரை தொடரவும்" என்றே எழுதியிருக்கிறேன். மாத்திரை தொடங்கி ஒரு மாதத்தில் இலக்குக்கு வரவில்லை என்றால் மூன்று கேள்வி கேளுங்கள். மாத்திரை வயிற்றுக்குள் போகிறதா? இதற்குப் பதிலைக் கேட்பதைவிட அட்டையைக் கொண்டுவரச் சொல்லி எண்ணிப் பார்ப்பதுதான் சரி. முழங்கால் வலிக்கு மெடிக்கலில் தினமும் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடுகிறாரா? அது பிரஷரைக் கூட்டும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஊறுகாய், கருவாடு, அப்பளம் எவ்வளவு? ஒரு நாளைக்கு மொத்தமாக ஒரு டீஸ்பூன் உப்புக்குள் நிற்க வேண்டும். மூன்றும் சரியாக இருந்தும் குறையவில்லை என்றால் அந்த வாரமே டாக்டரிடம் மருந்தைக் கூட்டக் கேளுங்கள். வயதானவர்களை உட்காரவைத்து அளந்தபின், எழுந்து நிற்கவைத்து மூன்று நிமிடத்துக்குள் ஒரு தடவை அளங்கள். மேல் அளவு 20, அல்லது கீழ் அளவு 10 விழுந்தால் ராத்திரி பாத்ரூம் போகும்போது அவர் கீழே விழப்போகிறார் என்று அர்த்தம். எனலாபிரில் வறட்டு இருமல் வந்தால் இருமல் டானிக் கொடுக்காமல் மாத்திரையை மாற்றக் கேளுங்கள். கருத்தரிக்கும் வயதில் உள்ள பெண் எனலாபிர், லோசார்ட்டான், டெல்மிசார்ட்டான் எடுக்கிறார் என்றால் மாதவிலக்குத் தேதியைக் கட்டாயம் கேளுங்கள். கர்ப்பத்தில் இவை ஆகவே ஆகாது.

சுகரில் நான் இழந்தது ஸ்ட்ரிப். 50 ஸ்ட்ரிப் உள்ள டப்பா இரண்டை ஜன்னலோரம் வைத்திருந்தேன்; கூட்டத்தில் அவசரமாக எடுப்பதற்கு வசதியாக மூடியையும் லேசாகத் திறந்தே வைத்திருந்தேன். வெயிலும் ஈரக்காற்றும் பட்டு, ஒரே ஆளுக்கு ஐந்து நிமிடத்தில் 118-ம் 197-ம் காட்டியபோதுதான் உறைத்தது. அத்தனையும் வீண். எழுதிக் கேட்ட அடுத்த ஸ்டாக் வரும்வரை பலரை அளக்க முடியாமல் திருப்பி அனுப்பினேன். ஸ்ட்ரிப் டப்பாவுக்குள்ளேயே ஈரத்தை உறிஞ்சுகிற பொருள் இருக்கிறது. ஒன்றை எடுத்ததும் மூடிவிட வேண்டும், வேறு டப்பாவுக்கு மாற்றக் கூடாது, ஃபிரிஜ்ஜிலும் வைக்க வேண்டாம், திறந்த தேதியை மூடிமேல் எழுத வேண்டும்.

அடுத்தது விரல். மாம்பழ சீசனில் ஒரு பெரியவருக்கு 312 காட்டியது. அவருக்கு ஒரு தொந்தரவும் இல்லை. தோப்பில் பழம் பொறுக்கிவிட்டு நேராக வந்திருந்தார். சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்தபின் 146. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தது போதாது. பழச்சாறு, வெல்லம், கரும்புப் பிசுக்கு எல்லாம் கையில் ஒட்டிக்கொண்டே இருக்கும். தண்ணீரில் கழுவி நன்றாகக் காயவிட்டு, விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தி, முதல் சொட்டைத் துடைத்துவிட்டு இரண்டாவதை எடுங்கள். பிழிந்து எடுக்காதீர்கள், ரத்தத்தோடு திசுநீரும் கலந்துவிடும். கையைக் கீழே தொங்கவிட்டுத் தேய்த்துவிட்டால் தானாக வரும். ரத்தசோகை கடுமையாக இருப்பவர்களுக்கு மீட்டர் கூடக் காட்டும். இரும்புச்சத்துக் குறைவில், மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் எச்பிஏ1சி-யும் கூடுதலாக வரலாம். அதனால் வெளுத்த கண்ணிமையைப் பார்த்தால் சுகரோடு ஹீமோகுளோபினும் பார்த்துவிடுங்கள்.

மீட்டரில் 140-க்கு மேல் என்றால் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டியவர், அவ்வளவுதான். வெறும்வயிற்றில் 126-க்கு மேல், குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரத்தில் 200-க்கு மேல், எச்பிஏ1சி 6.5-க்கு மேல் என்று லேபில் வந்தால்தான் சர்க்கரை நோய். தாகம், அடிக்கடி சிறுநீர், எடை குறைவு இவற்றோடு எந்நேரமானாலும் 200-க்கு மேல் என்றால் அதுவும் போதும். மெட்ஃபார்மின் சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்டதும் போட்டால் வயிற்றுத் தொந்தரவு குறையும். நான் பயப்படுவது கிளிபென்கிளமைட், கிளிமிபிரைட் மாத்திரைகளுக்குத்தான். கிருத்திகை விரதம் இருந்த ஒரு பாட்டி சாப்பிடாமல் மாத்திரையை மட்டும் "டாக்டர் சொன்னாரே" என்று போட்டுக்கொண்டார். மதியம் கொல்லையில் வியர்த்து ஊற்றி, பேச்சுக் குழறி உட்கார்ந்திருந்தவரை மருமகள் வெயில் மயக்கம் என்று நினைத்தார். மீட்டரில் 41. சாப்பாடு இல்லாத நாளில் அந்த மாத்திரை வேண்டாம் என்று நான் ஒருதடவைகூட அவரிடம் சொன்னதில்லை. 70-க்குக் கீழே போனால், நினைவு இருந்தால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை, அப்புறம் சாப்பாடு. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது; மூச்சுக்குழலுக்குள் போகும். நரம்பில் டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றித்தான் அனுப்ப வேண்டும். இந்த மாத்திரைகளால் வந்த தாழ்சர்க்கரை சரியான பிறகும் சில மணி நேரத்தில் திரும்ப இறங்கலாம், ஆகவே எழுந்து பேசுகிறாரே என்று வீட்டுக்கு அனுப்பாதீர்கள். இப்போது நான் ஆடி மாதம், கார்த்திகை மாதம், ரம்ஜான் தொடங்கும் முன்பே, இந்த மாத்திரை எடுப்பவர்கள் பட்டியலைத் தன்னார்வலரிடம் கொடுத்து வீடுவீடாகச் சொல்லவைக்கிறேன். விரதத்தை விடச் சொல்வதில்லை. மாத்திரையை எப்படி மாற்றுவது என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுவைக்கிறோம்.

காய்ச்சலுக்கு வருகிறேன். இதுதான் எனக்கு இன்றும் மனசு ஆறாதது. நூறுநாள் வேலைக்கு ஓடைக்கரைப் புதர் வெட்டப்போன ஒரு பெண், முப்பத்து மூன்று வயது. மூன்றாம் நாள் காய்ச்சலோடு வந்தார், தலைவலி, உடம்புவலி. டெங்குவுக்கான என்எஸ்1 ரத்தப் பரிசோதனை நெகட்டிவ். பாராசிட்டமால் கொடுத்தேன். ஆறாம் நாள் திரும்பவும் வந்தார், மறுபடியும் பாராசிட்டமால். ஒன்பதாம் நாள் மூச்சு வாங்க, வீட்டார் தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கே ஒரு நர்ஸ் துணி மாற்றும்போது பார்த்திருக்கிறார்: இடுப்பில், பாவாடை நாடா முடிச்சுக்குக் கீழே, பட்டாணி அளவுக்கு ஒரு கருப்புப் பொருக்கு. சிகரெட்டால் சுட்டது போலக் காய்ந்து, சுற்றிலும் மெல்லிய சிவப்பு வளையம். ஸ்க்ரப் டைஃபஸ், புதரில் இருக்கும் மைட் என்ற நுண்பூச்சி கடித்து வருகிற காய்ச்சல். ஐந்து நாள் ஐசியூ, 38,000 ரூபாய், அதற்கு ஒரு ஜோடிக் கம்மல் அடகு. ஆறாம் நாளே அந்த இடத்தைப் பார்த்திருந்தால் டாக்சிசைக்கிளின் 100 மில்லிகிராம் காலையும் இரவும் ஏழு நாள், சில பத்து ரூபாய்க்குள் முடிந்திருக்கும். அவர் பிழைத்து வந்து என் முன்னால் உட்கார்ந்து, "நீங்க என்னம்மா பண்ணுவீங்க, எனக்கே தெரியலையே" என்றார். அவருக்குத் தெரியாததில் ஆச்சரியம் இல்லை. அந்தப் பொருக்கு வலிக்காது, அரிக்காது. நாம்தான் தேட வேண்டும்.

ஐந்து நாளைத் தாண்டிய எந்தக் காய்ச்சலுக்கும் துணியை விலக்கிப் பார்க்காமல் அனுப்பாதீர்கள். இந்த மைட் பூச்சி துணி இறுகுகிற, வியர்க்கிற இடத்தில்தான் பெரும்பாலும் கடிக்கும். அக்குள், மார்பின் கீழ் மடிப்பு, தொடையிடுக்கு, முழங்கால் பின்புறம், காதுக்குப் பின்னால், தலைமுடிக்குள், ஆண்களுக்கு அரைஞாண் கயிற்றின் அடியில், பெண்களுக்குப் பாவாடை நாடாவின் அடியில். டார்ச் வேண்டும். ஈரமான இடத்தில் பொருக்கு கருப்பாக இல்லாமல் வெளிறிய சின்னப் புண்போலவும் இருக்கும். பொருக்கு இல்லை என்பதால் அந்த நோய் இல்லை என்றும் ஆகாது. புதர், வயல், மாடுமேய்ச்சல் வேலை, காய்ச்சல், தலைவலி என்று சேர்ந்து வந்தாலே டாக்டரிடம் "ஸ்க்ரப்பாக இருக்குமோ" என்று வாய்விட்டுக் கேளுங்கள். டாக்சிசைக்கிளினை ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி அரைமணி நேரம் படுக்காமல் இருக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகும். கர்ப்பிணிக்கு வழக்கமாக அசித்ரோமைசின். கெண்டைக்கால் தொட முடியாத வலி, கண் சிவப்பு, சேற்றில் நின்ற வேலை என்றால் எலிக்காய்ச்சலை நினையுங்கள்.

டெங்குவில் எல்லாரும் ஏமாறுவது காய்ச்சல் விடுகிற நாளில். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் சூடு இறங்கும், வீட்டில் நிம்மதியாவார்கள், ஆபத்து அப்போதுதான் தொடங்குகிறது. விடாத வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறு மூக்கில் ரத்தம், சோர்ந்து படுத்துக்கிடத்தல், கை கால் சில்லிட்டுப்போதல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை: இதில் ஒன்று இருந்தாலும் அனுப்புங்கள். பிரஷரின் மேல் அளவுக்கும் கீழ் அளவுக்கும் நடுவில் 20 அல்லது அதற்கும் குறைவு என்றால், மேல் அளவு 100 என்று நல்லபடியாகத் தெரிந்தாலும் அது ஷாக், உடம்புக்குப் போதிய ரத்த ஓட்டம் இல்லாத அபாய நிலை. என்எஸ்1 முதல் ஐந்து நாளுக்குத்தான் நம்பகம். அதற்கப்புறம் ஐஜிஎம் என்ற ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும். பாராசிட்டமால் தவிர இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் எதுவும் வேண்டாம், ஊசியாகவும் வேண்டாம். குழந்தைக்குப் பாராசிட்டமால் எடையைப் பார்த்துத்தான்: ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணிக்கொரு தடவை. சிரப் பாட்டிலில் 5 மில்லியில் 120-ஆ, 125-ஆ, 250-ஆ என்று படித்துவிட்டு மூடியில் கோடு போட்டுக் காட்டுங்கள். "ஒரு மூடி" என்று சொல்லிவிடாதீர்கள்.

குழந்தைக்குச் சளி, இருமல் என்றால் ஸ்டெதஸ்கோப்புக்கு முன்னால் சட்டையைத் தூக்கிவிட்டு மூச்சை எண்ணுங்கள். அழாமல், பால் குடிக்காமல், தாய் மடியில் அமைதியாக இருக்கும்போது, முழுசாக ஒரு நிமிடம். இரண்டு மாதத்துக்குக் கீழ் 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. இந்த எண்ணையோ அதற்கு மேலோ தொட்டால் நிமோனியா என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். நான் பதினைந்து நொடி எண்ணி நாலால் பெருக்கிக்கொண்டிருந்தேன். குழந்தை ஒரே சீராக மூச்சுவிடாது, அதனால் அந்தக் கணக்கு பொய்க்கும். மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்கூட்டின் அடிப்பகுதி உள்ளே குழிந்தாலோ, குடிக்க முடியாவிட்டாலோ எண்ணிக்கை பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம், அனுப்புங்கள். வயிற்றுப்போக்கில் கவனிக்க வேண்டியது ஓஆர்எஸ் பாக்கெட்டின் அளவு. 21 கிராம் பாக்கெட் ஒரு லிட்டருக்கு. நாலு கிராம் சின்னப் பாக்கெட் 200 மில்லிக்கு. பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுத்தால் உப்பு ஏறி வலிப்பு வரை போகும். தாயின் வீட்டு டம்ளரையே கொண்டுவரச் சொல்லி, நம் எதிரில் கரைக்கவைப்பதுதான் நல்லது. கூடவே ஜிங்க் 20 மில்லிகிராம், ஆறு மாதத்துக்குக் கீழ் 10, போக்கு நின்றாலும் 14 நாள்.

நெஞ்சுவலியைப் பற்றிச் சுருக்கமாக, ஆனால் அழுத்தமாகச் சொல்கிறேன். "வாயுக் குத்து, ஜெலுசில் குடுங்க சிஸ்டர்" என்று வருகிறவர் நாற்பதைத் தாண்டியவர் என்றால், சுகர் உள்ளவர் என்றால், அவர் சொன்ன பெயரை ஏற்றுக்கொள்ளாதீர்கள். சுகர் உள்ள பெண்களுக்கு மாரடைப்பு நெஞ்சுவலியாகவே வராமல் மேல்வயிற்று எரிச்சலாக, தாடை வலியாக, காரணமில்லாத வியர்வையாக, நடந்தால் மூச்சிரைப்பாக வரலாம். எரிச்சலுக்கு மாத்திரை கொடுத்து அரைமணி உட்காரவைத்துப் பார்க்கலாம் என்று நான் வீணாக்கிய நாற்பது நிமிடம் ஒருவருடைய இதயத் தசையில் போய்விட்டது. 2023-ல் வந்த இதயம் காப்போம் திட்டத்தில், பி.எச்.சி-யிலும் சப் சென்டரிலும் மாரடைப்புக்கு உடனே கொடுக்கிற முதல் மாத்திரைகள் வைக்கப்பட்டிருக்கின்றன: ஆஸ்பிரின் 150 மில்லிகிராம் 2, குளோபிடோக்ரெல் 75 மில்லிகிராம் 4, அடோர்வாஸ்டாடின் 10 மில்லிகிராம் 8. மொத்தம் 14. இவற்றை எண்ணி ஒரே கவரில் போட்டு, காலாவதித் தேதியை வெளியே எழுதி, மேஜையின் முதல் இழுப்பறையில் வையுங்கள். அந்த நேரத்தில் டப்பா டப்பாவாகத் தேட முடியாது. ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்லுங்கள். கொடுக்கும் முன் மூன்றைக் கேளுங்கள்: ஆஸ்பிரின் ஒவ்வாமை உண்டா, கருப்பாக மலம் போகிறதா, பேச்சுக் குழறலோ ஒரு பக்கத் தளர்வோ இருக்கிறதா. பக்கவாதமாக இருந்தால் இந்த மாத்திரைகள் கூடாது, ரத்தக்கசிவா என்று ஸ்கேன் பார்த்த பிறகுதான். 108-ஐக் கூப்பிட்ட பிறகு மாத்திரை. மாத்திரை கொடுத்துவிட்டு 108 அல்ல.

இரண்டு வாரத்தைத் தாண்டிய இருமலுக்குச் சிரப் எழுதாமல் காசநோய்ப் பரிசோதனைக்குச் சளியை அனுப்ப வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் நான் அனுப்பிய முதல் பத்துப் பதினைந்து டப்பாக்களில் பாதி வெறும் எச்சில் என்று லேபிலிருந்து திரும்பின. தண்ணீரால் வாய் கொப்பளித்து, வெளிக்காற்றில் நின்று, இரண்டு தடவை ஆழமாக மூச்சை இழுத்து அடக்கி, அடிநெஞ்சிலிருந்து இருமிக் கொட்டச் சொல்ல வேண்டும். இதை நாமே செய்து காட்ட வேண்டும், காற்று நம் பக்கமிருந்து அவரை நோக்கி வீசும்படி நின்றுகொண்டு. கெட்டியாக, மஞ்சளாக, இரண்டு மில்லியாவது இருக்க வேண்டும். ஒரு மாதிரி அப்போதே, இன்னொன்று மறுநாள் காலையில் எழுந்ததும். படர்தாமரைக்கு மெடிக்கலில் வாங்கிய டியூபைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று ஸ்டீராய்டு இருந்தால் அதுதான் நோயைப் பரப்புகிறது, முதலில் அதை நிறுத்த வேண்டும்.

கடைசியாக ரெஃபரல், அதாவது மேல் சிகிச்சைக்கு எழுதி அனுப்புவது. முதல் ஆறு மாதம் நான் எழுதிய சீட்டில் "ஃபீவர், ஃபார் ஃபர்தர் மேனேஜ்மென்ட்" என்று மட்டும் இருக்கும். போன இடத்தில் அதைப் பார்த்துவிட்டு மறுபடி ஒரு பாராசிட்டமால் கொடுத்து அனுப்பினால் அவர்களை என்ன சொல்வது? இப்போது ஐந்து விஷயம் எழுதுகிறேன்: எத்தனையாவது நாள், அளந்த எண்கள் நேரத்தோடு, நான் கொடுத்தது என்ன எத்தனை மணிக்கு, எதைச் சந்தேகப்படுகிறேன், எதைப் பார்க்கக் கேட்கிறேன். "காய்ச்சல் 6-ம் நாள், இடது அக்குளில் பொருக்கு, மூச்சு 26, ஆக்சிஜன் 95, ஸ்க்ரப் சந்தேகம், டாக்சிசைக்கிளின் தொடங்கலாமா" என்று எழுதினால் யாரும் படிக்காமல் விட முடியாது. வர முடியாதவர்களுக்கு இ-சஞ்சீவனி என்ற அரசின் இணையவழி ஆலோசனையில் டாக்டரோடு பேசவைக்கும்போதும் இதே வரிசைதான். சீட்டின் நகல் ஒன்றை நான் வைத்துக்கொள்கிறேன், அதில் நோயாளியின் நம்பரோடு வீட்டில் போன் எடுக்கிறவரின் நம்பரும் இருக்கும். ரிஜிஸ்டரின் பின்பக்கத்தில் தேதி போட்டு ஒரு கட்டம் கிழித்திருக்கிறேன். மறுநாள் ஒரு போன், மூன்றாம் நாள் ஒரு போன். போகாதவர்கள் பெரும்பாலும் பஸ் காசு இல்லாமலோ, கூடவர ஆள் இல்லாமலோதான் போயிருக்க மாட்டார்கள். அதை மூன்றாம் நாளே கேட்டால் தன்னார்வலரோ பக்கத்து வீட்டுக்காரரோ கூட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள்.